மூடாவுக்கும் கிரியானுக்கும் இடையே ஒரு வரி

போர்க்காலப் படையெடுப்பு என்றதும் நம்மில் பலருக்கு நோர்மண்டிக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சில் கரையிறங்கிய காட்சியைத் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, உலகப் போரின் போக்கை மாற்றிய இன்னொரு படையெடுப்பு நம் வீட்டு வாசல் வழியாகவே நடந்து போனது. நான்காம் படிவ வரலாற்றுப் பாடநூலில் அதற்குச் சில பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நான், சென்ற தவணையில்தான் அதை முழுமையாகக் கேட்டேன்.

ஆம், கேட்டேன். வாசிக்கவில்லை.

நான் லூனாசில் பிறந்து வளர்ந்தவன். படிப்பது சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில். வீடு திரும்பும்போது சாங்லூனில் பேருந்து ஏறினால் ஜித்ரா, அலோர் ஸ்டார், குரூண், சுங்கைப் பட்டாணி என்று வரிசையாக ஊர்கள் வரும். லூனாஸ் வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இந்தப் பயணங்களில் பொழுது போக வேண்டுமே என்று மலாயாப் போரைப் பற்றிய ஓர் ஆங்கில ஒலிநூலைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். இந்தப் போரைப் பற்றி ஆங்கிலத்தில் பல நூல்கள் உண்டு. எதைக் கேட்டாலும் கதை போகும் பாதை ஒன்றுதான். அது என் பேருந்து போகும் பாதையும்கூட.

கோத்தா பாருவிலிருந்து ஜித்ராவுக்கு

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஜப்பானியப் படைகள் கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கின. ஹவாயின் முத்துத் துறைமுகத்தைத்தான் ஜப்பான் முதலில் தாக்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். கோத்தா பாருவில் துப்பாக்கிகள் முழங்கியது அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு. அனைத்துலகத் தேதிக் கோட்டுக்கு அப்பால் இருந்ததால் ஹவாயில் அப்போது டிசம்பர் 7. நாள்காட்டி செய்யும் குழப்பம் இது. எஸ்.பி.எம். மாணவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

கோத்தா பாருவில் நடந்தது ஒரு பக்கக் கதவைத் தட்டிய தாக்குதல். ஜெனரல் யாமாஷிதா தலைமையிலான 25ஆம் படையின் பெரும்பகுதி தென் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டானியிலும் இறங்கியது. சிங்கோராவிலிருந்து ஒரு நல்ல சாலை சடாவ் வழியாக எல்லையைக் கடந்து சாங்லூனுக்கும் ஜித்ராவுக்கும் வருகிறது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் சிங்கப்பூர் வரை நீளும் பெருஞ்சாலையோடு அது சேர்கிறது. ஆகவே மலாயாவின் தலைவாசல் கெடாதான்.

பிரிட்டிஷ் தளபதிகளுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஜப்பானியர் இறங்கும் முன்பே தாய்லாந்துக்குள் புகுந்து சிங்கோராவைப் பிடித்துவிட வேண்டும் என்று 'மட்டடோர்' என்ற பெயரில் ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். நடுநிலை நாட்டுக்குள் முதலில் காலடி வைத்தவர்கள் என்ற பழி வருமே என்ற தயக்கத்தில் நாள்கள் கழிந்தன. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. முன்னேறத் தயாராக நின்ற 11ஆம் இந்திய டிவிஷன், ஜித்ராவில் பாதி தோண்டி விட்டிருந்த பதுங்குகுழிகளுக்குத் திரும்பியது. டிசம்பர் மழையில் குழிகள் நீரால் நிரம்பியிருந்தன.

இந்த இடத்தில் நான் கேட்பதை நிறுத்திவிட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். வெளியே ஜித்ரா. சாலை, கடைகள், வயல்கள். அங்கே என்ன நடந்தது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ரப்பர் மரத்தடியில் ஒரு தோல்வி

டிசம்பர் 11 அன்று சாங்லூனுக்கு அருகிலும், அடுத்து ஆசுனிலும் கொட்டும் மழைக்கு நடுவே ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியாகவே பாய்ந்து வந்தன. பிரிட்டிஷாரிடம் மலாயா முழுவதிலும் ஒரு டாங்கிகூட இல்லை. எதிரே நின்றவர்கள் பஞ்சாபியரும் கூர்க்காக்களும். அவர்களில் பலர் அன்றுதான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டாங்கியைப் பார்த்தார்கள். அன்று ஜப்பானிய முன்னணிப் படையோடு வந்த சுஜி என்ற அதிகாரி, பின்னாளில் ஒரு நூலில் இதைப் பதிவு செய்தார். சாலையோரம் பீரங்கிகள் வரிசையாக நின்றன என்றும், அவற்றை இயக்க வேண்டியவர்கள் மழைக்கு ஒதுங்கி ரப்பர் மரங்களுக்கு அடியில் இருந்ததாகத் தெரிந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய அதே மரங்கள்தான். அந்த மரத்தடியில் ஒரு பேரரசின் வடவாசல் திறந்துகொண்டது.

டிசம்பர் 12 இரவு ஜித்ராவைக் கைவிட்டுப் படை பின்வாங்கத் தொடங்கியது. 13ஆம் தேதி அலோர் ஸ்டார் கைமாறியது. அங்கிருந்த விமானத் தளத்தில் விட்டுச் சென்ற எரிபொருளையும் உணவுப் பொருள்களையும் ஜப்பானியர் எடுத்துப் பயன்படுத்திக் கொண்டனர். இப்படிக் கிடைத்த பொருள்களுக்குச் சர்ச்சில் அனுப்பிய சாமான்கள் என்று கேலியாகப் பெயரும் வைத்தார்கள். 14, 15 தேதிகளில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் உள்ள குரூணில் மீண்டும் சண்டை, மீண்டும் தோல்வி. 16ஆம் தேதி 11ஆம் டிவிஷன் மூடா ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்து சேர்ந்தது.

ஜப்பானியக் காலாட்படையினர் மிதிவண்டிகளில் வந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றை ஒலிநூல் சொன்னது. சக்கரங்களின் ரப்பர் பஞ்சரானதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்களாம். இரவில் நூற்றுக்கணக்கான வண்டிகள் தார்ச்சாலையில் அப்படி உருண்டு வந்த சத்தத்தை, இருட்டில் காத்திருந்த வீரர்கள் டாங்கிகள் வரும் சத்தம் என்று எண்ணிக் கலங்கினார்கள். அச்சில் படித்திருந்தால் கடந்து போயிருப்பேன். காதில் கேட்டபோது அந்தச் சத்தத்தை நானும் கேட்பதுபோல் இருந்தது. ஒலிநூலின் பலம் இதுதான்.

என் ஊர் எங்கே?

மூடா ஆறு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து நம் பக்கம்தானே? பாடாங் செராய், லூனாஸ், கூலிம் எல்லாம் மூடாவுக்குத் தெற்கே இருப்பவை. சுற்றிலும் தோட்டங்கள், லயங்கள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அன்று இங்கே வாழ்ந்தன. அவர்களுக்கு என்ன ஆனது என்று நூல் சொல்லும் எனக் காத்திருந்தேன்.

வந்தது ஒரே ஒரு வரி. அதன் பொருள் இவ்வளவுதான்: படை மூடா ஆற்றிலும் நிலைக்க முடியாமல் கிரியான் ஆற்றுக்குப் பின்வாங்கியது.

மூடாவுக்கும் கிரியானுக்கும் நடுவில்தான் லூனாஸ் இருக்கிறது. என் ஊர், என் பள்ளி, என் பாட்டி பிறந்த தோட்டம் எல்லாமே அந்த ஒற்றை வரிக்குள் விழுந்து மறைந்தன. அடுத்த அத்தியாயத்தில் கதை பேராக்கில் இருந்தது. கம்பார், சிலிம் ரிவர், கோலாலம்பூர், ஜொகூர் என்று ஓடி, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததோடு முடிந்தது. கரையிறங்கிய நாளிலிருந்து 70 நாள்கள்.

இதை நூலாசிரியரின் குறை என்று நான் சொல்லமாட்டேன். போர் வரலாறு படைகளைப் பின்தொடர்கிறது. சண்டை நடந்த இடத்தில் நிற்கும், நடக்காத இடத்தைத் தாண்டிவிடும். லூனாசில் பெரிய சண்டை நடக்கவில்லை. ஆகவே படைக் கணக்கில் இங்கே எதுவும் நடக்கவில்லை. ஆனால் படை கடந்து போன பிறகுதானே இங்குள்ள மக்களுக்குப் போர் தொடங்கியது?

வானொலியில் ஒரு தமிழர்

நம்மவர்கள் எங்குமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். தேடிப் பிடிக்க வேண்டும். லூனாசிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பினாங்கையே எடுத்துக் கொள்வோம். டிசம்பர் 11 அன்று ஜோர்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. 16ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஐரோப்பியர்களும் சத்தமின்றித் தீவை விட்டு வெளியேறினர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் அனைவரும் கைவிடப்பட்டனர்.

அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் எம். சரவணமுத்து. இலங்கையில் பிறந்த தமிழர். ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து ஒரு சேவைக் குழுவை அமைத்து, அதிகாரிகள் இல்லாத தீவின் நிர்வாகத்தை அவர் கையிலெடுத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். தீவில் படை எதுவும் இல்லை என்பதைப் பினாங்கு வானொலி நிலையம் மூலம் அறிவித்தார். மேலும் குண்டு விழாமல் தடுப்பதே அதன் நோக்கம். 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். பின்னாளில் அவர் தம் நினைவுகளை 'தி சாரா சாகா' என்ற நூலாக எழுதினார்.

பத்திரிகையாளர் ஒருவர், துப்பாக்கி ஏதுமின்றி, ஒரு வானொலி அறிவிப்பால் ஒரு நகரத்தைக் காக்க முயன்றார். ஜித்ரா போரைவிட இந்தக் கதை எனக்கு நெருக்கமாகப் பட்டது. எழுதத் தெரிந்தவர், எழுதி வைத்தார். அதனால் அவர் வரலாற்றில் இருக்கிறார். எழுதத் தெரியாதவர்கள்?

கெடா மண்ணில் தொடங்கிய இன்னொரு கதையும் உண்டு. ஜித்ரா தோல்வியில் காட்டுக்குள் சிதறிய பஞ்சாப் படைப்பிரிவின் அதிகாரிகளில் ஒருவர் கேப்டன் மோகன் சிங். சில நாள்களில் அலோர் ஸ்டார் பகுதியில் ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவைச் சந்தித்து, பிரிட்டிஷாருக்கு எதிராக இந்திய வீரர்களைத் திரட்ட இணங்கினார். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் வித்து கெடாவில் விழுந்தது. 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு, தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனும் ராசம்மா பூபாலனும் பின்னர் நம் நாட்டின் பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்கள். துப்பாக்கி தூக்கிய தமிழ்ப் பெண்கள் எந்தக் காலத்தில் இருந்தார்கள் என்று யாராவது கேட்டால், இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

நூல் முடிந்தது, போர் முடியவில்லை

ஒலிநூல் 1942 பிப்ரவரியில் முடிந்தது. லூனாஸ் வட்டாரத்தில் அடுத்த மூன்றரை ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும்? பதிலை நான் வேறு இடங்களில் தேட வேண்டியிருந்தது. தேடியபோது கிடைத்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

மலாயாவின் ரப்பர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்க்கொண்டிருந்தது. போரோடு அந்தச் சந்தை அறுந்தது. துரைமார்கள் தோட்டங்களைவிட்டுப் போய்விட்டார்கள். பால் வாங்க ஆளில்லை என்றால் வெட்டுக்கும் கூலி இல்லை. பர்மாவிலிருந்து வந்த அரிசி குறைந்தது. மரவள்ளிக்கிழங்கே சோறானது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானியப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியது. கடிகாரங்கள்கூட தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன.

1943 ஆகஸ்டில் ஜப்பானும் தாய்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களும் தாய்லாந்துக்கு அளிக்கப்பட்டன. அக்டோபரில் நிர்வாகம் கைமாறியது. கெடாவுக்குச் சைபுரி என்று பெயர். போர் முடியும்வரை, காகிதத்தில், லூனாஸ் தாய்லாந்தில்தான் இருந்தது. இதை எத்தனை பேர் அறிவோம்?

எல்லாவற்றையும்விடக் கொடியது சயாம் மரண ரயில். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட்டார்கள். 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் மட்டும் போதாமல் பர்மா, ஜாவா, மலாயா நாடுகளிலிருந்து தொழிலாளர்களைத் திரட்டினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000க்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஏன் தமிழர்கள்? மூடிய தோட்டங்களில் வேலையின்றிப் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். ஒரே இடத்தில், லயத்தில், பெயர்ப்பட்டியலோடு இருந்தார்கள். ஒரு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டால் கொடுக்கக் கிராணியும் கங்காணியும் இருந்தார்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்றும் சில மாத ஒப்பந்தம் என்றும் ஆசை காட்டினார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பாமல் போகவே, பிறகு பலவந்தமாகப் பிடித்துப் போனார்கள்.

அங்கே வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களுக்குள் மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும் போன்ற கட்டுப்பாடுகளை விதிக்க அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு அப்படி எவரும் இல்லை. வாந்திபேதியும் மலேரியாவும் வந்தபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு ஒருமித்த எண்ணிக்கையே இல்லை. ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் இடையே பல்லாயிரம் உயிர்கள் வேறுபடுகின்றன.

எழுதாதவர்களின் வரலாறு

ஏன் இந்த நிலை? கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். இராணுவம் எழுதிக்கொண்டே நடக்கும் அமைப்பு. ஒவ்வொரு பட்டாளத்துக்கும் நாட்குறிப்பு, கட்டளைத் தாள், இழப்புப் பட்டியல் உண்டு. தப்பிப் பிழைத்த அதிகாரிகள் ஓய்வுபெற்றதும் நினைவுக்குறிப்புகள் எழுதினார்கள். வரலாற்றாசிரியர் ஆவணக்காப்பகத்தில் போய் அமர்ந்தால் கைக்குக் கிடைப்பவை இவைதான். பால்வெட்டுத் தொழிலாளி நாட்குறிப்பு எழுதவில்லை. அவர் பெயர் இருந்த தோட்டத்துப் பேரேடும் இன்று பெரும்பாலும் இல்லை. தோட்டங்களே துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் செம்பனையும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன.

நம் எழுத்தாளர்கள் இந்த வெற்றிடத்தை உணர்ந்தவர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த இருப்புப்பாதையைத் தமிழர் பக்கமிருந்து எழுதின. உங்கள் பள்ளி நூலகத்திலோ தமிழ் ஆசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள். ஆங்கில ஒலிநூல் ஒன்றைக் கேட்டுவிட்டு இவற்றில் ஒன்றைப் படித்தால், ஒரே போரை இரண்டு கரைகளிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும்.

அதற்கும் அப்பால் ஓர் ஆவணம் இருக்கிறது. அது நம் பக்கத்து வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

எங்கள் கம்பத்தில் 90 வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் இருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் அவர் சிறுபிள்ளை. ஒரு சனிக்கிழமை மாலை அவர் அனுமதியோடு கைப்பேசியில் 40 நிமிடம் பதிவு செய்தேன். ஜித்ராவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. துப்பாக்கிச் சத்தமும் நினைவில் இல்லை. மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்தார்கள் என்பது தெரிகிறது. சாக்குத் துணியைக் கால்சட்டையாகத் தைத்துப் போட்டது நினைவிருக்கிறது. சயாமுக்குப் போன சித்தப்பாவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனமும் பதிவில் அப்படியே இருக்கிறது.

பிறகு ஒன்று சொன்னார். சித்தப்பா எந்த ஊரில், எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால் அவருக்குத் திதி கொடுக்க முடியவில்லை. அதனால் தீபாவளிக்கு முதல் நாள் படையலில் அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். இன்றுவரை போடுகிறார்கள். 80 ஆண்டுகளாக ஒரு குடும்பம் காத்துவரும் இந்தக் கணக்கு எந்த நூலிலும் இல்லை. லூனாசில் வேறு எத்தனை வீடுகளில் இப்படி ஓர் இலை கூடுதலாக விழுகிறதோ!

கேட்பதற்குச் சில வழிகள்

மாணவ நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

முதலாவது, போர் வரலாற்றை வரைபடம் இல்லாமல் கேட்காதீர்கள். ஒலியில் ஊர்ப்பெயர்கள் வேகமாக ஓடிவிடும். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, பெயர் வரும்போது நிறுத்தி, இடத்தைப் பாருங்கள். பழைய பெயர்களில் கவனம் தேவை. சிங்கோரா என்றால் இன்றைய சொங்க்லா. குரோ என்றால் பெங்காலான் ஹுலு. புரோவின்ஸ் வெல்லஸ்லி என்றால் செபராங் பிறை. ஆங்கிலேய வாசிப்பாளரின் உச்சரிப்பில் நம் ஊரையே நமக்கு அடையாளம் தெரியாது. நான் குரூணை இரண்டாவது முறை கேட்டபோதுதான் பிடித்தேன்.

இரண்டாவது, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: நாள், இடம், ஏன் அப்படி நடந்தது. ஜித்ரா ஏன் விழுந்தது என்று என் குறிப்பேட்டில் ஐந்து காரணங்கள் இருக்கின்றன: தாமதமான முடிவு, முடியாத பதுங்குகுழி, மழை, டாங்கி இல்லாமை, பழக்கமில்லாத இளம் வீரர்கள். தேர்வுக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தயாரிப்பு வேறில்லை.

மூன்றாவது, யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தகவல் தளபதியின் அறிக்கையிலிருந்து வருகிறதா, சாதாரண வீரரின் கடிதத்திலிருந்தா, வென்றவரின் நூலிலிருந்தா? மழைக்கு ஒதுங்கிய பீரங்கி வீரர்களைப் பற்றி எழுதியவர் வென்ற பக்கத்து அதிகாரி. வென்றவர் தோற்றவரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் உப்பிட்டுத்தான் கொள்ள வேண்டும். பேசாதவர் யார் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

நான்காவது, இலவசமாகக் கேட்கக் கிடைப்பவை நிறைய உண்டு. சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. ஜப்பானியர் ஆட்சியை நேரில் கண்டவர்களின் குரல்கள் அங்கே உண்டு. தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். கேள்வி கேட்பவர் எப்படிக் கேட்கிறார், எங்கே குறுக்கிடாமல் காத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். நேர்காணல் எடுக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஐந்தாவது, நீங்களே பதிவு செய்யுங்கள். 1941இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று 90 வயதைத் தாண்டியவர். அவர்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அவர்கள் இல்லாவிட்டால், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்; அவர்களுக்கே இப்போது 60, 70 வயது. பதிவின் தொடக்கத்தில் நாளையும் ஊரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் சொல்லிவிடுங்கள். பெரிய கேள்விகள் வேண்டாம். போர் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் வராது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பள்ளிக்கூடம் நடந்ததா, விளக்குக்கு எண்ணெய் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். அங்கிருந்து அவர்களே நடக்கத் தொடங்குவார்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள். வரலாற்றுப் பாட இடுபணிக்கு அது உதவும். அதன் பயன் அந்த இடுபணியோடு நின்றுவிடாது.

போர் வரலாற்று ஒலிநூல்களை நான் தொடர்ந்து கேட்பேன். தளபதிகள் எப்படி முடிவெடுத்தார்கள், ஒரு நாள் தாமதம் எத்தனை உயிர்களை விலையாகக் கேட்டது, மழையும் சாலையும் ஒரு போரை எப்படித் தீர்மானித்தன என்பதையெல்லாம் அவைதான் எனக்குக் கற்றுத் தந்தன. நீங்களும் கேளுங்கள். மூடாவிலிருந்து கிரியானுக்குப் பின்வாங்கினார்கள் என்ற வரி வரும்போது மட்டும் சற்றே நிறுத்துங்கள். உங்கள் ஊர் பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஜொகூரிலோ இருந்தால், உங்களுக்கும் அதுபோல் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் அன்று யார் யார் வாழ்ந்தார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.